கூடம் கோணல்தான்

துப்பாக்கிப் பயிற்சிக் களங்களில் நெடுங்காலமாக ஒரு தீர்ப்பு உலவிவருகிறது. சிறிய உடல்வாகு கொண்ட ஒரு புதியவர், பெரும்பாலும் ஒரு பெண், முதன்முறையாகச் சுடுகிறார். குண்டு இலக்கை விட்டு விலகிப் போகிறது. தோள் கன்றிப்போகிறது. அடுத்த தோட்டாவுக்கு முன்பே அவர் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். உடனே, "இந்த உடம்புக்கு இது ஆகாது" என்று சொல்லப்பட்டுவிடுகிறது. துப்பாக்கியின் அமைப்பைப் பற்றி அவர் ஏதேனும் முறையிட்டால் பழமொழி ஆயத்தமாக இருக்கிறது: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தை எவரேனும் ஒருமுறையாவது அளந்து பார்த்ததுண்டா என்பதே இங்கு எழுப்ப வேண்டிய கேள்வி.

வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில், சிறிய உடல் கொண்ட புதியவருக்கு முதல் ரைஃபிளாக எதைக் கொடுப்பது என்பது குடும்பங்களுக்குள்ளேயே பேசப்படும் கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் வாயிலை அடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி அதனுடன் மறைந்துவிடவில்லை. தேசிய மாணவர் படையில் .22 ரைஃபிளைத் தொடும் பள்ளி மாணவி, மாவட்ட ரைஃபிள் சங்கத்தில் சேரும் இளைஞர், காவல் பயிற்சிப் பள்ளிக்குள் நுழையும் பெண் காவலர் ஆகிய எல்லோருக்கும் அது உரியது. கேரளத்தில் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டபின், உரிமம் பெற்ற உழவர்களுக்கும் அது உரியதாயிற்று. இவர்கள் ஒவ்வொருவர் தோளிலும் ஏதோ ஒரு துப்பாக்கி முதன்முதலாக வைக்கப்படுகிறது. எந்தத் தோள், எவ்வளவு நீளமான கை என்று கேட்கும் வழக்கம்தான் இல்லை.

ரைஃபிளின் விசையிலிருந்து அடிக்கட்டையின் முடிவு வரையுள்ள தொலைவே முதலில் பார்க்க வேண்டிய அளவு. வளர்ந்த ஆணைக் கருதிச் செய்யப்படும் ரைஃபிள்களில் இது ஏறத்தாழ 13.5 அங்குலம், சிறியோருக்கென்று செய்யப்படுபவற்றில் 12 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஒன்றரை அங்குலம்தானே என்று தோன்றலாம். கட்டை நீண்டுவிட்டால் விரல் விசையை எட்டுவதற்காகத் தோள் முன்னே இழுபடுகிறது. கட்டையின் முனை தோள்குழியில் அமராமல் புயத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. கன்னம் கட்டையில் படியாததால் கண் குறிக்கோட்டுக்கு வருவதில்லை. துப்பாக்கியின் பாரத்தைச் சமன்செய்ய முதுகு பின்னே வளைகிறது. பயிற்றுநர் இந்தத் தோரணையைப் பார்த்து "நிற்கவே தெரியவில்லை" என்கிறார். அவர் காண்பது நிற்கத் தெரியாமையை அன்று. ஓர் அளவுப் பிழையை ஓர் உடல் சமாளிக்க முயல்வதை.

இதை அண்மைக்காலச் சமத்துவப் பேச்சு கொண்டுவந்த சலுகைக் கோரிக்கை என்று எண்ணுவோர் படைக்கலங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பேரரசுப் படைகளின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கு அடிக்கட்டைகள் குட்டை, இயல்பு, நெட்டை என வெவ்வேறு நீளங்களில், அரை அங்குல வேறுபாட்டுடன் வழங்கப்பட்டன. முதல் உலகப்போரில் 5 அடி 3 அங்குலத்துக்கும் குறைவான உயரமுடையோரைக் கொண்டு பிரிட்டன் 'பாண்டம்' படைப்பிரிவுகளை அமைத்தது. அதே பெயர்கொண்ட அடிக்கட்டை ஒன்றும் இருந்தது. இயல்பு அளவைவிட ஓர் அங்குலம் குட்டையானது. பெண்களுக்கு வாக்குரிமை தரவே தயங்கிய ஒரு பேரரசு, குள்ளமான சிப்பாயின் கைநீளத்தை மரத்தில் அளந்து கொடுத்தது. அதற்குக் கருணை காரணமன்று. சுடத் தெரிந்த சிப்பாய் அதற்குத் தேவைப்பட்டான். இன்றைய இந்தியப் பயிற்சிக் களம் அந்தக் கணக்கைக்கூடப் போடுவதில்லை.

அரசுக்கு உடல் வேறுபாடு தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் பொதுவான குறைந்தபட்ச உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157. பழங்குடியினப் பெண்களுக்கு 150. ஆள்சேர்ப்பு அறிவிக்கையில் 20 சென்டிமீட்டர் வேறுபாட்டை முறைப்படி ஏற்றுக்கொள்ளும் அதே நிர்வாகம், ஆயுதக் கிடங்கின் வாசலில் அதை மறந்துவிடுகிறது. இந்தப் படைகளில் பல்லாண்டுகளாகப் புழங்கிவரும் இன்சாஸ் ரைஃபிள் 4 கிலோகிராமை ஒட்டிய எடையுடையது. அதன் கட்டையின் நீளத்தைச் சுடுபவருக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவரை வரவேற்று, 170 சென்டிமீட்டருக்கு ஏற்ற கருவியைக் கையில் கொடுத்து, பிறகு இருவரின் மதிப்பெண்களையும் ஒரே தாளில் எழுதுவதற்குப் பெயர் சமத்துவம் அன்று. செருப்புக்கேற்பக் காலைத் தறிக்கும் வேலை அது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. அது அன்பின் வடிவில் வருவதால் கூடுதல் தீங்கு செய்கிறது. "சின்ன உடம்பு, ஆகவே எடை குறைந்த துப்பாக்கி" என்ற அறிவுரையே அது. வேட்டை ரைஃபிள் விற்கும் கடைகளில் இது வாடிக்கையான வசனம். பள்ளி இயற்பியலே இதை மறுத்துவிடும். குண்டும் வெடிவளியும் முன்னே பாயும்போது அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. உந்தம் மாறாதபோது பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் நிறைக்கு எதிர்விகிதத்தில் அமையும். உலகெங்கும் புகழ்பெற்ற .30-06 தோட்டாவை 3.6 கிலோகிராம் ரைஃபிளில் சுட்டால் தோளை வந்தடையும் ஆற்றல் ஏறத்தாழ 27 ஜூல்; அதையே 2.7 கிலோகிராம் ரைஃபிளில் சுட்டால் 36 ஜூல். கனிவோடு குறைத்துக் கொடுத்த 900 கிராம், உதையை மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடுகிறது. மாறாக, .243 வின்செஸ்டர் போன்ற மென்மையான தோட்டாவை 3.4 கிலோகிராம் ரைஃபிளில் சுட்டால் அது 12 ஜூலை ஒட்டி நின்றுவிடும். ஆகவே குறைக்க வேண்டியது முதலில் கட்டையின் நீளம். அடுத்து தோட்டாவின் வேகம். எடையைக் கை தாங்கும் அளவுக்கு மட்டும் குறைத்து, குழலைச் சற்றுக் குட்டையாக்கி, பாரம் உடலை ஒட்டி நிற்கும்படி செய்தால் போதும்.

இந்த உதை தோளோடு முடிந்துவிடுவதில்லை. அது நரம்புகளில் பாடமாகப் பதிகிறது. ஓசையையும் அடியையும் எதிர்பார்க்கும் உடல், விசை முழுதாக அழுந்துமுன் தானே அதிர்ந்து குழலைத் தாழ்த்திவிடும். உயிருள்ள தோட்டாக்களுக்கிடையே ஒரு போலித் தோட்டாவைச் சுடுபவர் அறியாமல் கலந்துவைத்தால் இது வெளிப்பட்டுவிடும்: வெடிக்காத துப்பாக்கியின் முனையும் துள்ளும். இந்தப் பழக்கம் பெரிய உடலிலும் பதியும். பயிற்சியால் கற்றுக்கொண்டது என்பதால் பயிற்சியாலேயே நீக்கவும் கூடும். ஆனால் தொடங்காமல் தடுப்பது எளிது, வேரறுப்பது அரிது. மாணவர் படை .22இல் தொடங்குவது இவ்வகையில் முற்றிலும் சரி. 13 வயது மாணவியின் கையில் அதே நீள மரக்கட்டையை வைப்பதுதான் அந்தச் சரியின் பாதியை வீணாக்குகிறது.

"பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கிதானே வேண்டும்? மென்மையான தோட்டாவைப் பழகி என்ன பயன்?" என்பது வழக்கமான மறுப்பு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்டது .275 ரிக்பி; அக்காலத்துப் பெருங்குழல் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் மிகச் சாதுவானது. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் கதையை முடித்ததும் அதுவே. யானைக்குச் சிறு தோட்டா போதும் என்பது இதன் பொருளன்று. குண்டு சென்று தைக்கும் இடமே முதன்மை என்பதே பொருள். அதிர்ந்து அதிர்ந்து சுடும் கைக்கு வலிமைமிக்க துப்பாக்கியைக் கொடுத்தால் அது காட்டுப்பன்றியைக் கொல்லாது, குடலில் காயப்படுத்தும். அந்த விலங்கு தோட்டத்துக்குள் ஓடி நெடுநேரம் துடித்துச் சாகும், அல்லது மறுநாள் விறகு பொறுக்கப் போகிறவர் மீது பாயும். பொருந்தாத துப்பாக்கியின் விலையைச் சுடுபவர் மட்டும் செலுத்துவதில்லை.

"களத்தில் எந்தத் துப்பாக்கி கிடைக்கிறதோ அதை எடுத்துத்தான் சுட வேண்டும், ஆளுக்கோர் அளவு நடக்காது" என்ற மறுப்பு இன்னும் கனமானது. களத்தைப் பற்றி அது சொல்வது உண்மை. ஆனால் கற்றலும் களமும் ஒன்றல்ல. சரியாகப் பொருந்தும் கருவியில் குறி, மூச்சு, விசை மூன்றையும் கற்றுத் தேர்ந்தவர் பொருந்தாத கருவியையும் ஓரளவு ஆள்வார். பொருந்தாததிலேயே தொடங்கியவர் எதையும் கற்பதில்லை, அடி வாங்கப் பழகுகிறார். அன்றியும், ஒரே வகை ஆயுதம் என்பதும் ஒரே கட்டை நீளம் என்பதும் வேறு வேறு. கட்டையின் முனையில் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய சில துண்டுகளே இதற்குப் போதும். புதிதாக வரும் ஏ.கே.-203இல் மாற்றக்கூடிய அடிக்கட்டை உண்டு. கருவி வளைந்துகொடுக்கத் தொடங்கிவிட்டது. அதைக் கையில் கொடுப்போரின் எண்ணம்தான் இன்னும் விறைத்து நிற்கிறது.

கருவியை உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள போட்டித் துப்பாக்கிச் சுடுதலைப் பாருங்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஆணும் பெண்ணும் ஒன்றாகப் போட்டியிட்ட 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில், அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் தங்கம் வென்றவருக்கு நிகரான 1162 புள்ளிகளை எடுத்தார். சமன்முறிப்பு விதியால்தான் வெள்ளி. 2021இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலியிலிருந்து அவனி லேகரா தங்கம் வென்றார். "இந்த உடம்புக்கு ஆகாது" என்ற தீர்ப்பு அங்கே வாயடைத்துப் போகிறது.

இதில் கல்விப்புலத்துக்கும் பங்குண்டு. சுடுதிறனில் ஆண்-பெண் வேறுபாட்டை அளப்பதாகச் சொல்லும் எந்த ஆய்வும், பங்கேற்றோரின் கைநீளத்தையும் கட்டையின் நீளத்தையும் பதிவு செய்யவில்லையெனில், அது அளந்தது பாலினத்தையா, மரத்துண்டையா என்று கேட்கப்பட வேண்டும். குழப்பும் மாறியைக் கட்டுப்படுத்தாத முடிவை வேறெந்தத் துறையிலும் நெறியாளர்கள் ஏற்பதில்லை. பெண்ணின் உடல் பற்றிய முடிவென்றால் மட்டும் அது இயற்கையின் விதியாகக் கையொப்பம் பெற்றுவிடுகிறது.

கோரிக்கைகள் எளியவை. முதல் தோட்டாவுக்கு முன் கையின் நீளத்தை அளக்க வேண்டும். எந்தக் கண் ஓங்கியது என்பதைச் சோதித்து, அதற்கேற்ற தோளைத் தேர வேண்டும். ஒவ்வொரு பயிற்சி மையத்திலும் குறைந்தது மூன்று நீளங்களில் அடிக்கட்டைகள் இருக்க வேண்டும். மதிப்பெண் தாளில் சுடுபவரின் பெயருக்குப் பக்கத்தில், அவர் சுட்ட கட்டையின் நீளமும் எழுதப்பட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் குறிதவறினால், அவருக்கு ஆடத் தெரியவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். அதுவரை அளவுகோலோடு போய்ச் சோதிக்க வேண்டியது கூடத்தைத்தான்.