வெல்டிங் புகையும் நுரையீரல் புற்றுநோயும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி வாகன ஆலைகளில் வெல்டிங் அன்றாடப் பணியாகும். அப்புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியது. புகைபிடித்தலே முதன்மைக் காரணம் எனினும், புகைபிடிக்காதோர்க்கும் இந்நோய் வரலாம்.

நீடித்த இருமல், சளியில் இரத்தம், எடைக்குறைவு ஆகியவை காசநோய்க்கும் இதற்கும் பொதுவான அறிகுறிகள். எனவே காசநோய் உறுதியாகாவிடில், அல்லது சிகிச்சைக்குப் பின்னும் அறிகுறிகள் தொடர்ந்தால், சி.டி. ஸ்கேன், திசுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். செய்யும் பணியையும் தவறாமல் கூறுங்கள்.

நோயின் நிலைக்கேற்ப அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை அளிக்கப்படும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது.

முகக்கவசம் மட்டும் போதாது. புகையை எழுமிடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும் பணியிடத்தில் இருத்தல் வேண்டும். புகையிலையைக் கைவிடுவது எந்த வயதிலும் பயனளிக்கும்.