நோயாளி குடித்தால் நோய், வார்டு ஊழியர் குடித்தால் ஒழுக்கக்கேடா?

போன மாதம் ஒரு அண்ணன் போன் செய்தார். வட மாவட்டம் ஒன்றில், மனநலத்துக்கும் குடிநோய்க்கும் சேர்த்து வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நானும் அவரும் ஐந்து வருடம் ஒன்றாக இருந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் தப்பித்துக்கொள்ளும். "மேடம், ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தர முடியுமா? தனியார் ஆஸ்பத்திரில வார்டுக்கு ஆள் எடுக்குறாங்களாம், எட்டு வருசம் வேலை பார்த்ததுக்கு பேப்பர் கேக்குறாங்க" என்றார்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மேடம் என்று கூப்பிடாதீர்கள் அண்ணா என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. நானும் அவரும் ஒரே மாதிரியான காலனியில்தான் பிறந்தோம். என்னிடம் எம்.ஏ. சமூகவியல் இருக்கிறது. அந்த நிறுவனத்தில் அதற்கு மாடியில் ஒரு நாற்காலி கிடைத்தது. அவரிடம் இருபது வருடக் குடியும் அதிலிருந்து மீண்ட அனுபவமும் இருந்தன. அதற்குக் கீழே வார்டில் ஒரு பாய் கிடைத்தது.

அவர் முதலில் அங்கே நோயாளியாக வந்தவர். சிகிச்சை முடிந்து, வீட்டுக்குப் போனால் மறுபடி குடிப்பேன் என்று பயந்து அங்கேயே தங்கினார். முதல் இரண்டு வருடம் சாப்பாடும் தங்குமிடமும்தான், சம்பளம் கிடையாது. அதற்குப் பெயர் 'சேவை'. மூன்றாம் வருடத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை. அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்'. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்த்து அலறும் மனிதரை இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர். வாந்தியையும் மலத்தையும் கழுவியது அவர். வலிப்பு வரப்போகிறது என்று கண்ணைப் பார்த்தே சொல்லி நர்ஸை எழுப்பியதும் அவர்தான். காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து பார்த்து, ஆலோசகர் குறிப்பு எழுதி, ஆண்டறிக்கையில் 'எமது பல்துறை நிபுணர் குழு' என்று படம் போடுவார்கள். படத்தில் அண்ணன் இருக்க மாட்டார். அவர்தான் கேமராவைப் பிடித்திருப்பார்.

எட்டாம் வருடம் அவருடைய அம்மா செத்துப்போனார். காரியம் முடிந்த இரவு அண்ணன் குடித்தார். ஒரு இரவு. மறுநாள் அவரே வந்து சொன்னார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரை நிறுத்திய அறையின் வாசலில், குடி ஒரு நோய், அது குணக்கேடு அல்ல, மறுபடி குடிப்பது நோயின் ஒரு பகுதி, குடும்பத்தார் பொறுமையாக இருக்க வேண்டும் என்று மூன்று வண்ணத்தில் அச்சடித்த போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த போஸ்டரை ஒட்டியதும் அண்ணன்தான்.

அதே நிறுவனத்தில் ஒரு மூத்த ஆலோசகர் மன அழுத்தம் என்று இரண்டு மாதம் விடுப்பு எடுத்தார். முழுச் சம்பளத்தோடு. நல்ல விஷயம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு வந்தது நோய், இவருக்கு வந்தது ஒழுக்கக்கேடு என்று எந்த மருத்துவப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்கி வைக்கிறது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கைப் பார்க்கக் கிராமத்துக்குப் போக வேண்டாம். எந்த மனநலத் தொண்டு நிறுவனத்துக்கும் போய்ப் படியேறுங்கள். தரைத்தளத்தில் துப்புரவு, வார்டு, காவல். நடுவில் களப்பணியாளர்கள். மேலே ஆலோசகர்கள், திட்ட அலுவலர்கள். உச்சியில் இயக்குநரும் அறங்காவலர்களும். கீழிருந்து மேலே போகப் போக யார் குறைகிறார்கள், யார் கூடுகிறார்கள் என்று எண்ணுங்கள். தனியார் தொண்டு நிறுவனத்தில் இட ஒதுக்கீடு இல்லை. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்பதுதான் அங்கே வேலைக்கு ஆளெடுக்கும் கொள்கை.

சாதி பார்ப்பதில்லையாம். நான் இருந்த இடத்தில் சமையலுக்கு ஆள் தேடியபோது, காலனியிலிருந்து வந்த ஒரு அக்காவை 'நோயாளிகளின் குடும்பத்தார் சங்கடப்படுவார்கள்' என்று சொல்லித் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னவர் சாதிய மனநிலை பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை படித்தவர். வீடு பார்க்கச் சேரிக்குப் போகும்போது ஒரு ஆலோசகர் தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருப்பார். டீ கொடுத்தால் "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேம்மா" என்பார். அந்த அம்மாவுக்கா தெரியாது? தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பதில் அது. அதற்குப் பிறகு அவர் மனசைத் திறந்து எதைப் பேசுவார்? ஆலோசகர் திரும்பி வந்து 'குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதுவார்.

அந்தக் கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. என்று. நிதி கொடுப்பவருக்குக் கணக்கு காட்ட அது தேவை. அடுத்த பக்கத்தில் 'குடிக்கத் தொடங்கிய காரணம்' என்று ஒரு கேள்வி. நண்பர்கள், குடும்பப் பிரச்சினை, காதல் தோல்வி, உடல் வலி, மற்றவை. சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர் அந்த நாற்றத்தைத் தாங்கக் குடித்துவிட்டுத்தான் இறங்குகிறார் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பிணவறையில் வேலை செய்கிறவருக்கும் அப்படித்தான். மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் படிவத்தில் அவர் 'மற்றவை'. ஒரு முறை மாநகராட்சி ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம், குடிக்கத் தூண்டும் சூழல்களைத் தவிர்க்கப் பழகுங்கள் என்று ஒரு இளம் ஆலோசகர் சொல்லிக்கொடுத்தார். அவர் நிதானமாகக் கேட்டார், "அப்ப வேலைக்குப் போவேணாங்குறீங்களா சார்?" இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு முழுநாள் பயிற்சி நடத்தியிருக்கலாம். அந்த வாரக் கூட்டத்தில் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னார்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். கேட்டால் உடனே வரும் பதில், 'வெளிநாட்டு நிதிச் சட்டம் கழுத்தை நெரிக்கிறது, நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடுதான் அனுமதி' என்பது. 2020-இல் ஒன்றிய அரசு அந்த வரம்பை 50-லிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது உண்மைதான். சிறு அமைப்புகளை நசுக்கத்தான் குறைத்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே சட்டத்தின் விதிகளில், நோக்கத்தை நிறைவேற்ற நேரடியாகச் செய்யும் செலவு நிர்வாகச் செலவில் சேராது என்றும் இருக்கிறது. மருத்துவமனை என்றால் டாக்டர் சம்பளம், பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம் என்று விதியே உதாரணம் காட்டுகிறது. நடுராத்திரி வலிப்பு வந்தவரைப் பிடித்துக்கொண்டிருப்பது நேரடிச் சிகிச்சை இல்லாமல் வேறென்ன? ஆக, வார்டு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாததற்கு அந்த 20 விழுக்காடு காரணமில்லை. அவர் செய்வதைச் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள மனம் வராததுதான் காரணம்.

வருங்கால வைப்பு நிதிக்கு 20 ஊழியர், இ.எஸ்.ஐ.க்கு 10 ஊழியர் என்று சட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது. எங்கள் சம்பளப் பட்டியலில் 19 பேருக்கு மேல் ஒருநாளும் ஏறியதில்லை. மீதிப் பேர் எல்லோரும் தன்னார்வலர்கள். பீடி சுற்றும் கம்பெனி இதைச் செய்தால் தொழிலாளர் விரோதம் என்போம். தொண்டு நிறுவனம் செய்தால் அர்ப்பணிப்பு.

இன்னொரு தந்திரம் பன்னிரண்டு படிகளின் பெயரால் நடக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஏ.ஏ. இயக்கத்தில், மீண்டவர் இன்னொருவருக்குக் கைகொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை. மேல்படி கீழ்படி இல்லாத கூட்டம் அது, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அலுவலகம் நடத்த ஆள் வைத்தால் கூலி கொடுக்கலாம் என்று அவர்களே வகுத்தும் வைத்திருக்கிறார்கள். எங்கள் நிறுவனங்கள் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. மீண்டவர் சேவை செய்ய வேண்டும், இயக்குநர் சம்பளம் வாங்க வேண்டும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-இல். சிகிச்சையில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தகுந்த கூலி தர வேண்டும் என்கிறது பிரிவு 20. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 21. 'சாதி' என்ற சொல்லையே போட்டுச் சொல்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிப்போட்ட மனிதர்கள் தீயில் வெந்து செத்தார்களே, அந்த வரலாறெல்லாம் சேர்ந்துதான் இப்படியொரு சட்டம் வந்தது. ஆனால் கக்கூஸ் கழுவுவதை 'தொழில்வழிச் சிகிச்சை' என்று அட்டவணையில் எழுதிவிட்டால் பிரிவு 20 என்ன செய்யும்? அந்த அட்டவணையில் யாருக்குத் தோட்டம், யாருக்கு நூலகம், யாருக்குக் கக்கூஸ் என்று ஒரு மாதம் குறித்து வைத்தேன். அதைப் பெரியவரிடம் காட்டியபோது, "நீ எல்லாத்தையும் அந்தக் கண்ணாடி போட்டே பாக்குறம்மா" என்றார்.

நண்பர்கள் சிலர் கோபப்படுவார்கள், தெரியும். 'அரசு எதுவும் செய்யவில்லை, இருக்கிற நாலு நிறுவனத்தையும் நீங்கள் திட்டினால் ஏழைகள் எங்கே போவார்கள்?' இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. 2003-லிருந்து அரசே சில்லறைக் கடை திறந்து சாராயம் விற்கும் மாநிலம் இது. டாஸ்மாக் வாசல் வரைக்கும் நல்ல சாலை உண்டு, மீட்பு மையத்துக்கு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தைச் சுற்றி 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். பெரும்பாலும் தலித் கூலித் தொழிலாளர்கள். அரசு 10 லட்சம் கொடுத்தது. குடிகாரனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று ஊரெல்லாம் கேட்டது. அந்தக் கேள்வியை வாட்ஸப்பில் அனுப்பியவர்களில் குடிநோய் ஆலோசகர்களும் இருந்தார்கள். என் போனில் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த நிறுவனங்கள் வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் இப்படி இருக்கக் கூடாது. சேரியிலிருந்து வரும் மனிதர் அங்கே முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் தன் சொந்தக்காரரைத்தான். அவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் தங்குவதா ஓடுவதா என்று முடிவு செய்கிறார். பாதியில் ஓடிப்போனவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு 'உந்துதல் குறைவு' என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு காரணமாக எழுதிப் பார்க்கட்டும்.

நானும் யோக்கியம் இல்லை. அண்ணனை நிறுத்திய கூட்டத்தில் நான் இருந்தேன். ஆறு பேர். நான் மட்டும்தான் காலனி. வாயைத் திறந்தால் 'உன் ஆளு என்பதால் பேசுகிறாய்' என்பார்கள் என்று பயந்து, நிமிடப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு காரணம் சொல்லி வேலையை விட்டேன். அந்தக் கையெழுத்து அங்கேயேதான் இருக்கிறது.

நிதி கொடுக்கும் கம்பெனிகளிடமும், அமைச்சகத்திடமும் ஒன்று கேட்கலாம். குடிநோய் மீட்புக்கு நிதி தருவது ஒன்றிய சமூகநீதி அமைச்சகம். பட்டியல் சாதியினர் நலனும் அதே அமைச்சகத்திடம்தான் இருக்கிறது. எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தீர்கள் என்று கேட்கும் படிவத்தில் இன்னும் சில வரி சேர்க்கச் சொல்லுங்கள். எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தினர், யாருக்கு என்ன சம்பளம், யாருக்கு வைப்பு நிதி உண்டு, மீண்டவர்களில் எத்தனை பேர் ஆலோசகராக உயர்ந்தார்கள், ஊழியர் மறுபடி குடித்தால் சிகிச்சையும் விடுப்பும் உண்டா. நோயாளியிடம் முதல் நாளே சாதி கேட்கிறீர்களே, அறங்காவலரிடம் கேட்பதில் என்ன கூச்சம்?

சான்றிதழ் விஷயமாக நான் பழைய அலுவலகத்துக்குப் பேசினேன். மரியாதையாகவே பேசினார்கள். ஒரு வாரத்தில் தபாலில் வந்தது, நல்ல தாளில், முத்திரையோடு. எட்டு வருடம் 'தன்னார்வ சேவகராக' இருந்தார், அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்று. வார்டு என்ற சொல்லும் இல்லை, பணி என்ற சொல்லும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் அதை ஏற்கவில்லை. அண்ணன் இப்போது ஒரு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அந்த ஒரு இரவுக்குப் பிறகு இன்றுவரை குடிக்கவில்லை. வைப்பு நிதி நிலுவை கேட்டுத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சாட்சி என்று என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.