வாக்களித்ததோடு கடன் தீர்ந்ததா?

சங்க மலரில் அரசியல் எதற்கு என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்காகவே இதனை எழுதுகிறோம். பிழைக்க வந்த ஊரில் வாய்மூடி இருத்தலே அறிவுடைமை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்தால் மக்களாட்சிக்கு நாம் பட்ட கடன் தீர்ந்தது. தெருவில் அமர்ந்து முழக்கமிடுதல் வேலையற்றோர் வேலை. நம்மவர் கூடுமிடங்களில் காப்பியோடு சேர்த்துப் பரிமாறப்படும் கருத்துகள் இவை. இவற்றை நாம் முற்றாக மறுக்கிறோம்.

இராஜஸ்தானத்து வறண்ட ஊர்களில் அரசு வேலைகளுக்கு மண் சுமந்த கூலியாட்களுக்குச் சட்டம் வகுத்த கூலி கிட்டவில்லை. கேட்டால், செய்த வேலை அளவிற் குறைந்தது என்றனர். அளந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம் என்றனர். மண் சுமந்தவளுக்கு அவள் சுமந்த மண்ணின் கணக்கு இரகசியமாம்! அம்மக்களிடையே தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் 1987இல் குடிபுகுந்தவர்களுள் ஒருவர் அருணா ராய். 1946இல் சென்னையில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். நம் வீட்டுப் பெண் என்றே சொல்லலாம். ஆட்சிப் பணியை 1975இல் துறந்தவர். 1990 மே நாளில் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தோன்றியது. 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் வருகைப் பட்டியல்கள் ஊர்நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. செத்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை அப்படித்தான் வெளியாயிற்று.

உள்ளூர் வேலைகளின் கணக்கு நகல்களை மக்களுக்குத் தருவோம் என்று மாநில முதலமைச்சர் 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வாக்களித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் மக்கள் தெருவில் அமர்ந்தனர். நாற்பது நாள் எழவில்லை. அது நாடாளுமன்றத் தேர்தல் காலம் என்பதை அன்பர்கள் கருத வேண்டும். கட்சிகள் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் இவர்கள் எக்கட்சிக்கும் வாக்குக் கேளாமல் கணக்குக் கேட்டனர். ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஆள்வோரிடம் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அத்தெருவில் விளங்கியதுபோல் வேறெங்கும் விளங்கியதில்லை.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், இனிச் சட்டமறுப்பையும் சத்தியாக்கிரகத்தையும் கைவிட வேண்டும் என்றாரே என்பர் சிலர். உண்மை, எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் சட்டவழிகள் திறந்திருக்கும்போது என்பதே அவர் வைத்த நிபந்தனை. ஏட்டைப் பூட்டி வைத்தபின் எந்த வழி திறந்திருந்தது? பியாவரில் எச்சட்டமும் மீறப்படவில்லை. படைக்கலமின்றி அமைதியாய்க் கூடும் உரிமையை அரசமைப்பே அளித்துள்ளது. அதே உரையில் தனிமனித வழிபாட்டையும் அவர் கண்டித்தார். ஒரு தலைவரின் திருவுருவைச் சுற்றித் திரளும் கூட்டங்களை நாமும் இயக்கமெனக் கொள்ளோம்.

மற்றொன்று, நமக்குச் சிறிது கசப்பானது. இந்திய மாநிலங்களில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997இல். மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஆனால் அச்சட்டம் கோட்டையிலிருந்து இறங்கி வந்தது, விலக்குகள் மலிந்திருந்தன, அதனைக் கையிலெடுத்து அலுவலகப் படியேறும் மக்கள் திரளும் உடன் இல்லை. நடுவண் அரசு 2002இல் இயற்றிய சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை. தெருவில் கேட்டுக் கேட்டுப் பெற்ற 2005ஆம் ஆண்டுச் சட்டந்தான் பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு, தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய்த் தண்டம் என்று பல்லோடு பிறந்தது.

போராட்டமென்றாலே எரிச்சலுறும் நம் அன்பர் ஒருவரின் ஓய்வூதியக் கோப்பு ஓர் அலுவலகத்தில் பதினான்கு மாதம் உறங்கிற்று. சங்க நூலகத்தில் அமர்ந்து அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பத்து ரூபாய் அஞ்சலாணை இணைத்து அனுப்பிய இருபத்திரண்டாம் நாள் கோப்பு விழித்தது. இனிப்போடு வந்தவரிடம் பியாவரைப் பற்றிச் சொன்னோம். அது வேறு, இது வேறு என்றார்! அவரோடு நமக்குள்ள நட்பு வேறு. இக்கருத்தில் அவரை விடுவதாக இல்லை.

அச்சட்டம் இப்போது தேய்க்கப்பட்டு வருகிறது. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் நடுவண் அரசே வகுக்குமாறு 2019இல் திருத்தினர். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்ற பெயரில் மறுப்பதற்கான வாயிலை அகலத் திறந்தது. வருகைப் பட்டியலில் உள்ள பெயரும் தனிநபர் தகவல்தானே எனில், மக்கள் விசாரணையில் எதைப் படிப்பது?

நம் சங்கக் கூடம் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை பூட்டியே கிடக்கிறது. கட்டட வேலைக்கு வந்து இந்தி எழுதத் தெரியாமல் திகைக்கும் நம் தொழிலாளர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க அக்கூடத்தைத் திறந்துவிடுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். எழுத இருவர் ஆயத்தமாக உள்ளனர். இந்தி நன்கறிந்த இன்னும் இருவர் தேவை.