சமய பாடவேளையும் சமயப் பகையும்

கல்முனைக் கரையில் ஒரு மாணவன் சைக்கிளில் சிறிது தூரம் சென்றால் போதும்; சாய்ந்தமருதின் பள்ளிவாசல்களையும் காரைதீவின் கண்ணகை அம்மன் கோவிலையும் கல்முனையின் தேவாலயங்களையும் கண்டுவிடுவான். மேற்கே உள்நாட்டில் தீகவாபித் தூபி நிற்கிறது. ஆயினும் தன் அயலான் எதை நம்புகிறான், ஏன் நம்புகிறான் என்பதை அவனுடைய சமய பாடவேளை அவனுக்குக் கற்பிப்பதில்லை.

இது தற்செயலன்று. க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். பிறந்த வீட்டின் சமயம் எதுவோ அதுவே பிள்ளையின் பாடம். முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, சிங்களப் பாடசாலை என ஏற்கனவே பிரிந்து கிடக்கும் பிள்ளைகளுக்கிடையே இஃது இன்னொரு சுவர்.

விளைவை நாம் கண்டோம். 1985 இல் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2018 இல், உணவில் கருத்தடை மருந்து கலக்கப்படுகிறது என்ற வதந்தி அம்பாறை நகரின் பள்ளிவாசலைத் தாக்க வைத்தது. 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிற் பாய்ந்த வெறி, ஐந்தாம் நாள் சாய்ந்தமருதின் வீடொன்றிலே குழந்தைகளின் உயிரையும் குடித்தது.

பாடத்திட்டமே இவற்றுக்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. காணியும் பதவியும் தேர்தலும் யுத்தமும் காரணங்கள். ஆனால் பகை வேரூன்ற அறியாமை என்னும் நிலம் வேண்டும். அந்நிலத்தைப் பண்படுத்தி வைத்திருப்பது நமது கல்வியே.

இக்கரைக்கு வேறொரு மரபும் உண்டு. 1892 இல் காரைதீவிற் பிறந்து, கல்முனையிலே மெதடிஸ்த பாடசாலையிற் கற்ற விபுலாநந்த அடிகள், விஞ்ஞானப் பட்டதாரி. இராமகிருஷ்ண சங்கத் துறவி. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவருடைய நண்பரானார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். துறவியின் காவி முஸ்லிம் பிள்ளையின் கல்விக்குத் தடையாகவில்லை!

பிற சமயத்தைக் கற்றால் ஈமான் குலையும், பக்தி தளரும் என்று அஞ்சுவோர் உளர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே வடமொழி பயின்று இந்தியரின் சமயங்களையும் தத்துவங்களையும் நூலாக எழுதிய அல்பீரூனி, அதனால் இஸ்லாத்தை விட்டாரா? சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன் என ஒவ்வொருவரையும் வினவிக் கேட்ட மணிமேகலை, பௌத்தத்தைத் துறந்தாளா? அச்சபையிலே உலகாயதம் பேசும் பூதவாதிக்கும் இடமிருந்தது என்பதை நமது தோழர்கள் கவனிக்கவேண்டும். மதம் என்றதுமே முகம் திருப்பிக்கொள்ளும் முற்போக்காளன், அக்களத்தை வெறியூட்டும் பிரசங்கிக்கு விட்டுக்கொடுக்கிறான்.

கீழைத்தேய சமயங்களைக் கற்பிக்க ஒக்ஸ்போர்டில் ஓர் ஆசனம் இருந்தது. 1936 முதல் 1952 வரை இராதாகிருஷ்ணன் அதில் அமர்ந்தார். அச்சமயங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நமது ஊர்ப் பாடசாலைகளிலோ, எல்லாச் சமயங்களையும் ஒருசேரக் கற்பிக்கும் ஆசிரியர் பதவி இல்லை. ஆகவே பட்டதாரி இளைஞன் அத்துறையை நாடான். உணவுக்கு வழியில்லாத கல்வியை அவன் ஏன் தேடவேண்டும்?

நமது கோரிக்கை தெளிவானது. உலக சமயங்கள், கீழைத்தேயத் தத்துவம், மனிதாபிமானம் ஆகியவற்றைப் பொதுப் பாடமாக்குக. அதற்கென ஆசிரியர் பதவிகளை உருவாக்குக. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியும் அவ்வாசிரியர்களைப் பயிற்றுக.

அரசாங்கம் அசையும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. காரைதீவின் சைவ ஆசிரியர் மாதம் ஒரு பாடவேளை சாய்ந்தமருதுக்குச் செல்லட்டும். சாய்ந்தமருதின் மௌலவி ஆசிரியர் காரைதீவுக்கு வரட்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையே எல்லைச் சுவரில்லை. சுவர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது; அதை இடிக்கவேண்டியவர்கள் நாமே.