பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிருச்சு": சட்டம் என்ன சொல்கிறது?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முழுக்க வாடகை வீடுகள் பெருகிவிட்டன. ஆனால் வேலை கிடைத்து வரும் நம் பிள்ளைகள் 'டு-லெட்' பலகையைப் பார்த்து போன் செய்து பெயரைச் சொன்னால், பல இடங்களில் "வீடு முடிஞ்சிருச்சு" என்கிறார்கள். மறுநாளும் பலகை அங்கேயே தொங்கும். "நாங்க சைவம்" என்பது அதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்வது.

இப்படி மறுப்பது சட்டவிரோதம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மதத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15வது பிரிவு ஆணையிடுவது அரசுக்குத்தான். தனியாருக்கும் பொருந்தும் 15(2), கடை, உணவகம், ஹோட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று அகமதாபாத் வீட்டுவசதி சங்கம் ஒன்று வைத்திருந்த விதி செல்லும் என்று 2005ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தீண்டாமையின் பேரில் குடியிருப்பு மறுத்தால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மதத்தின் பேரில் மறுத்தால் வழக்குப் போட அதுபோன்ற சட்டம் கிடையாது.

முஸ்லிம்களுக்கு வீடு கிடைக்காத பிரச்சினையை 2006லேயே சச்சார் குழு பதிவு செய்தது. சமவாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. 2008ல் மாதவ மேனன் குழு அதற்கான வரைவையும் தந்தது. இன்றுவரை சட்டமாகவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், மதத்தின் பேரில் வீடு மறுப்பதையும் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது.

நகர்ப்புற வாடகைக்குத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 2019ல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டக் கூடாது. நல்ல பாதுகாப்புகள்தான், ஆனால் எல்லாமே குடியேறிய பிறகு கிடைப்பவை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுபவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. வல்லம் வடகாலில் 2024ல் அரசு 18,720 பெண் தொழிலாளர்களுக்கு விடுதி திறந்தது. அரசு விடுதி என்பதால் 15வது பிரிவு அங்கே செல்லும். ஆனால் மனைவி, குழந்தைகளோடு வருபவர் தெருத்தெருவாகத்தான் அலைய வேண்டும்.

நம்மிலும் "வடநாட்டுப் பசங்களுக்கு இல்லை" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். நாம் கேட்கும் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும், கட்டுப்படுத்தத்தான் வேண்டும். 2017 சட்டம் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றியது. சாதி, மதம் பார்த்து வாடகைக்கு மறுக்கக் கூடாது என்ற ஒரு பிரிவை அதில் சேர்க்கும்படி, நம் ஜமாஅத்துகளும் அமைப்புகளும் தொகுதி எம்.எல்.ஏ.க்களிடம் மனுவாகவே கொடுக்கலாம்.