வேகமா, குறிப்பேடா?

பிரான்சின் கார்சிகா தீவில் 1956-இல் தொடங்கிய தார்ச்சாலைக் கார்ப் பந்தயம், 1973-இல் உலகச் சாம்பியன் போட்டியில் சேர்ந்தது. ‘பத்தாயிரம் வளைவுப் பந்தயம்’ என்பது அதன் பட்டப்பெயர். இத்தகைய பந்தயங்கள் பல நாள் நடக்கும். முன்கூட்டியே பாதையைப் பார்த்து ஓட்டுநர் சொல்ல, துணை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் ஏட்டில் குறிப்பார். பந்தயத்தில் அதை உரக்கப் படிப்பார். அப்போது அச்சாலையில் பிற வண்டிகளுக்கு அனுமதியில்லை.

நம் உத்திரமேரூர்ச் சாலையில் இந்த ஏற்பாடு உண்டா? வளைவுக்கு அப்பால் மாடு நிற்கலாம், நெல் காயலாம். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

ஆகவே, பந்தய வீரரிடம் நாம் கற்க வேண்டியது வேகத்தையல்ல, குறிப்பெடுக்கும் பழக்கத்தையே என்பது என் கருத்து. பள்ளிக்குச் செல்லும் சாலையின் வளைவுகளையும் பள்ளங்களையும் ஏட்டில் குறியுங்கள். வண்டியை முறுக்கும் அண்ணன்மாருக்குப் படித்துக் காட்டுங்கள்!