சணப்பு வேறு, கஞ்சா வேறு

"உத்தரகண்டில் கஞ்சா பயிரிட அரசே உரிமம் தருகிறதாமே, நாமும் போடலாமா?" என்று விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். விதை தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணத்தைக் கொடுக்குமுன் விவரம் அறிந்துகொள்வது நல்லது.

உத்தரகண்டின் குமாவுன், கட்வால் மலைப்பகுதி மக்களுக்குக் கஞ்சாச் செடி போதைப்பொருள் மட்டும் அல்ல. அதன் விதையை வறுத்து அரைத்துத் துவையல் செய்கிறார்கள், காய்கறியிலும் சேர்க்கிறார்கள். விதையில் சுமார் 30 சதம் எண்ணெயும் 25 சதம் புரதமும் உண்டு. தண்டை நீரில் ஊறப்போட்டு, நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். முரட்டுத் துணியும் நெய்வார்கள்.

போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருள் பெண் செடியின் பூங்கொத்துகளில்தான் மிகுதி. விதைக்குள் அது அநேகமாக இல்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி அளிக்க இடம் வைத்துள்ளது. அதன்படி 2018-இல் உத்தரகண்ட் உரிமம் வழங்கத் தொடங்கியது. டி.எச்.சி. 0.3 சதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. விதை, எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க 2021-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அனுமதித்தது.

சிக்கல் இந்த 0.3 சதத்தில்தான் இருக்கிறது. செடியைக் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் சோதிக்க வேண்டும். இது காற்றில் மகரந்தம் பரவும் பயிர். பக்கத்துக் காட்டுச் செடியின் மகரந்தம் கலந்தால், அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கும் விதையின் குணமே மாறிவிடும்.

மலை மக்களின் உணவையும் நாரையும் சட்டம் மதிப்பது நியாயமே. ஆனால் நல்ல விதை, சோதனைச் செலவு, கொள்முதல் ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பேற்காமல் இப்பயிரைச் சிறு விவசாயி தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. தமிழ்நாட்டில் இத்தகைய உரிமமே இல்லை. உரிமம் இன்றிப் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இன்னொரு குழப்பமும் உண்டு. நார்க் கஞ்சாவைச் சிலர் 'சணல்' என்று எழுதுகிறார்கள். நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு, பயறு வகைக் குடும்பத்துப் பயிர்; கஞ்சாவுக்கும் அதற்கும் உறவில்லை. ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ சணப்பு விதைத்து, 45 நாள் கழித்து மடக்கி உழுங்கள். மண்ணில் தழைச்சத்து சேரும். நார் வேண்டுவோர் சிறிது பகுதியை முற்றவிட்டு அறுக்கலாம். இதற்கு உரிமமும் வேண்டாம், பயமும் வேண்டாம்.